எஸ்விஜி வரைபடம்: டெவ் சர்வரில் பச்சை, வாட்ஸப்பில் கறுப்பு

நெல்மணி கேட்டது:

வணக்கம். திருச்சியில் ஒரு சின்ன விதைக் கம்பெனிக்கு வெப் ஆப் செய்துகொண்டிருக்கிறேன். டீம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான், சர்வர் பக்கம் பார்க்கும் ஒருவர், வாரம் ஒருநாள் வந்துபோகும் டிசைனர், அவ்வளவுதான்.

ஆப்பின் முதல் பக்கமே தமிழ்நாடு வரைபடம். மாவட்டத்தைத் தொட்டால் அங்கே எந்த நெல் ரகம் எத்தனை மூட்டை இருப்பு என்று வரும். இருப்பைப் பொறுத்துப் பச்சையின் அடர்த்தி மாறும், இருப்பு தீர்ந்த மாவட்டத்துக்குச் சாய்கோடு போட்ட பேட்டர்ன். குறுவைக்கு ஒரு டேப், சம்பாவுக்கு ஒரு டேப், இரண்டுக்கும் தனித்தனி எஸ்விஜி கோப்பு (படத்தைப் புள்ளிகளாக இல்லாமல் கோடு, வடிவம், நிறம் என்று எழுத்தாக எழுதிவைக்கும் வகை). கீழே 'படமாகச் சேமி' என்று ஒரு பட்டன். முதலாளி அதை அழுத்தி வரும் பிஎன்ஜி படத்தை டீலர்கள் வாட்ஸப் குரூப்பில் போடுவார். உண்மையில் அவருக்கு வேண்டியது அந்தப் பட்டன் மட்டும்தான்.

டிசைனர் இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்து கொடுத்தார். என் லேப்டாப்பில், குரோமில், டெவ் சர்வரில் (வெளியிடும் முன் நாங்கள் சோதித்துப் பார்க்கும் இடம்) எல்லாம் அருமை. போன வெள்ளிக்கிழமை லைவில் ஏற்றினோம். அன்று சாயங்காலம் ஆரம்பித்தது.

போனில் வரைபடம் சுருங்கவே இல்லை. நீலகிரி, கோவை, கொஞ்சம் தேனி தெரிகிறது. மீதி மாநிலம் திரைக்கு வெளியே. குறுவை டேப்பில் எல்லாம் சரி, ஆனால் சம்பா டேப்புக்குப் போனால் சாய்கோடுகள் மாயம், அந்த மாவட்டங்கள் வெறும் வெள்ளையாக நிற்கின்றன. சேமித்த படத்தில் 38 மாவட்டமும் கன்னங்கரேல் என்று இருக்கின்றன. முதலாளி என்னிடம், "என்னம்மா, மாநிலம் முழுக்கக் கரண்ட் போயிடுச்சா?" என்றார்.

அப்புறம் அவருடைய பழைய ஐபேடில் மட்டும் ஊர்ப் பெயர்கள் உடைகின்றன. 'பெரம்பலூர்' என்பதில் ப தனியாக, அடுத்து ஒற்றைக்கொம்பு, அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம், அப்புறம் 'ரம்பலூர்'.

நான்கும் நான்கு உலாவிப் பிரச்சினைகளா? உலாவி வாரியாகத் தனித்தனி நிரல் எழுத வேண்டுமா? திங்கட்கிழமை டெமோ இருக்கிறது.

குறுக்குவழி:

ப்ரோ, எதுக்கு இவ்வளவு கஷ்டம்? மேப்பை பிஎன்ஜியாகவே போட்டுட்டு மேலே இமேஜ் மேப் (படத்து மேலே தொடுற இடங்களைக் குறிச்சு வைக்கிற முறை) வைங்க. ஐபேடில் குரோம் இன்ஸ்டால் பண்ணச் சொல்லுங்க, சரியாயிடும்.

நெல்மணி:

ப்ரோ இல்லை, அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐபேடில் குரோம் போட்டுப் பார்த்தாயிற்று. அதே பெரம்பலூர், அதே வட்டம்.

பழையசட்டி:

ஐபேடில் இருக்கும் குரோம் பெயருக்குத்தான் குரோம். உள்ளே ஓடுவது சஃபாரியின் அதே வெப்கிட் இன்ஜின். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் 2024-இல் ஆப்பிள் விதிவிலக்கு கொடுத்தது. நம் ஊரில் ஐபேடில் எந்த உலாவியைப் போட்டாலும் வண்டி வேறு, இன்ஜின் ஒன்று. அதனால் அந்த வழி வேண்டாம். 38 மாவட்டத்துக்குப் பச்சை மாறிக்கொண்டே இருக்கும்போது இமேஜ் மேப்பும் உதவாது.

நெல்மணி, உங்கள் நான்கில் ஒன்றுகூட உலாவியின் தப்பு இல்லை என்று நினைக்கிறேன். ஐபேட் விஷயத்தில் மட்டும் அதற்குக் கால் பங்கு கொடுக்கலாம். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு, ஏனென்றால் உலாவியின் தப்பு என்றால் என்னவென்று பார்த்தவன். நான் வேலைக்குச் சேர்ந்தது 2008-இல். எஸ்விஜி அதிகாரபூர்வத் தரநிலையாகி ஏழு வருடம் ஆகியிருந்தது, பயர்பாக்ஸ் 2005-லேயே 1.5 பதிப்பில் அதைச் சேர்த்துவிட்டது. ஆனால் வாடிக்கையாளர்கள் எல்லாரும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில். அதற்கு மைக்ரோசாஃப்டின் சொந்தப் பட மொழியான விஎம்எல் மட்டும்தான் தெரியும். ஒரே வட்டத்தை இரண்டு மொழியில் இரண்டு தடவை வரைவோம். அடோபி ஒரு பிளகின் வைத்திருந்தது, 2009 பிறந்ததும் அதையும் கைகழுவிவிட்டது. ரஃபேல் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி வந்து, உலாவிக்குத் தகுந்தபடி அதுவே எஸ்விஜியோ விஎம்எல்லோ எழுதிக்கொடுத்ததால் பிழைத்தோம். 2011-இல் எக்ஸ்புளோரர் 9 வந்த பிறகுதான் எல்லா உலாவியும் எஸ்விஜி பேச ஆரம்பித்தன. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இப்போது நடப்பது கல்யாணச் சாப்பாடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டெவ்வில் நன்றாக இருந்து லைவில் கெட்டது என்றால் நடுவில் ஏதோ கை வைத்திருக்கிறது. உங்கள் பில்டில், அதாவது கோப்புகளை லைவுக்குத் தயார்செய்யும் கட்டத்தில், எஸ்விஜிஓ ஓடுகிறதா என்று பாருங்கள். எஸ்விஜி கோப்பைச் சுருக்கும் கருவி அது. வேண்டாத கமென்ட், தசம எண் எல்லாவற்றையும் வெட்டும். நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 2, 3 பதிப்புகளில் அதை அப்படியே ஓடவிட்டால் இரண்டு வேலை பார்க்கும்.

முதலாவது, வியூபாக்ஸ். லைவில் இருக்கும் கோப்பை நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் படியுங்கள். வித்த் 1200, ஹைட் 1400 என்கிற மாதிரி ஏதோ இருக்கும், வியூபாக்ஸ் இருக்காது. டிசைனர் கொடுத்த அசலில் இருந்திருக்கும். வியூபாக்ஸ் சுழியில் தொடங்கி அகலமும் உயரமும் வித்த், ஹைட்டோடு ஒத்துப்போனால், 'இது வீண்' என்று எஸ்விஜிஓ அதை நீக்கிவிடும். 4-ஆம் பதிப்பில் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. வியூபாக்ஸ் என்பது வரைந்தவர் பயன்படுத்திய தாளின் அளவு, வித்த்தும் ஹைட்டும் சுவரில் மாட்டும் சட்டத்தின் அளவு. தாள் எவ்வளவு என்று தெரியாவிட்டால் உலாவி எதைச் சுருக்கும்? சட்டத்தை மட்டும் சின்னதாக்கி, தாளின் இடது பக்கத்தைக் காட்டும். அதுதான் உங்கள் நீலகிரியும் கோவையும்.

இரண்டாவது, ஐடி, அதாவது ஒரு உறுப்புக்கு வைக்கும் அடையாளப் பெயர். குறுவைக் கோப்பில் அந்தச் சாய்கோடு பேட்டர்னுக்கு டிசைனர் ஒரு ஐடி வைத்திருப்பார், சம்பாக் கோப்பில் வேறு ஒன்று. எஸ்விஜிஓ இரண்டு கோப்பையும் தனித்தனியாகப் பார்க்கிறது, இரண்டிலும் ஐடியை 'ஏ' என்ற ஒற்றை எழுத்தாகச் சுருக்குகிறது. தனிக் கோப்பாக இருக்கும்வரை குற்றமில்லை. நீங்கள் இரண்டையும் ஒரே பக்கத்தில் இன்லைனாக, அதாவது பக்கத்துக்குள்ளேயே எழுதிப் போடுகிறீர்கள். இப்போது பக்கத்தில் இரண்டு 'ஏ'. சம்பா மாவட்டம் 'ஏ-வைக் கொண்டுவா' என்றால் உலாவி முதலில் கண்ட ஏ-வை, அதாவது குறுவையின் ஏ-வை எடுக்கும். குறுவை டேப் திறந்திருக்கும்வரை யாருக்கும் தெரியாது, இரண்டு பேட்டர்னும் ஒன்றுதானே. டேப் மாறியதும் குறுவையை டிஸ்ப்ளே நன் போட்டு மறைக்கிறீர்கள், அதோடு அதன் பேட்டர்னும் போய்விடுகிறது. மறைந்திருந்தாலும் பேட்டர்ன் கிடைக்க வேண்டும் என்றுதான் தரநிலையில் எழுதியிருக்கிறது. குரோமில் கிடைக்காமல் போனதை நானே பார்த்து ஒரு மதியம் முழுக்கத் தலையைச் சொறிந்திருக்கிறேன்.

இந்த இரண்டுக்கும் எஸ்விஜிஓ அமைப்பில் வியூபாக்ஸ் நீக்கத்தை நிறுத்துங்கள், ஐடிக்கு முன்னால் கோப்பின் பெயரை ஒட்டச் சொல்லுங்கள். அதற்கென்றே பிளகின் உள்ளேயே இருக்கிறது. பிறகு வித்த், ஹைட் இரண்டையும் எடுத்துவிட்டு அகலத்தை சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் நிறம், அளவெல்லாம் எழுதும் மொழி) 100 சதவீதம் கொடுங்கள்.

கறுப்புத் தமிழ்நாட்டுக்குக் காரணம் வேறு. மாவட்டங்களுக்குப் பச்சையை எங்கே கொடுத்தீர்கள்? பக்கத்தின் சிஎஸ்எஸ் கோப்பில், கிளாஸ் வழியாக. சரிதானே? படமாக்கும்போது என்ன செய்கிறீர்கள்: எஸ்விஜியை எழுத்தாக மாற்றி, அதை இமேஜாக ஏற்றி, கேன்வாஸில் (உலாவி படம் வரையும் பலகை) வரைந்து, பிஎன்ஜி எடுக்கிறீர்கள். இமேஜாகப் போன எஸ்விஜி மூடிய டப்பா. பக்கத்தின் சிஎஸ்எஸ் அதற்குள் வராது, வெளியிலிருந்து படம் வராது, வெப் எழுத்துரு வராது, ஸ்கிரிப்ட் ஓடாது. பாதுகாப்புக்காக எல்லா உலாவியும் இப்படித்தான். நிறம் சொல்லாத பாதைக்கு எஸ்விஜியில் கறுப்புதான். ஆகவே அந்த ஸ்டைல் வரிகளை எஸ்விஜிக்கு உள்ளேயே ஒரு ஸ்டைல் டேகில் வையுங்கள். பேட்டர்ன் அதே எஸ்விஜிக்குள் இருப்பதால் படத்தில் சாய்கோடு தப்பித்திருக்கும், கறுப்புக்கு நடுவே கவனித்திருக்க மாட்டீர்கள்.

பெரம்பலூருக்கும் அதே நோட்பேடு வைத்தியம்தான். டெக்ஸ்ட் டேகுக்குள் பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டர் எழுத்து இடைவெளியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லைத் துண்டு துண்டாக டிஸ்பான் என்ற உள் டேகில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி எக்ஸ் (இடது ஓரத்திலிருந்து தூரம்) கொடுத்திருக்கும். ஆங்கிலத்துக்கு இது ஒத்துவரும். நமக்கு 'பெ' என்பது கணினிக்கு ப, பிறகு ஒற்றைக்கொம்பு என்று இரண்டு குறியீடு. கொம்பை முன்னால் தூக்கி வைப்பது உருவமைக்கும் இன்ஜினின் வேலை. நடுவில் வெட்டிவிட்டால் கொம்புக்கு ஒட்டிக்கொள்ள ஆள் இல்லை, புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சில உலாவிகள் வெட்டையும் மீறி ஒட்டவைக்கும், சில ஒட்டாது. கால் பங்கு என்று சொன்னது இதைத்தான். டிஸ்பான்களைத் தூக்கிவிட்டு ஊர்ப் பெயரை முழுச் சொல்லாகத் தட்டச்சு செய்யுங்கள், நடுவில் நிறுத்த டெக்ஸ்ட் ஆங்கர் மிடில். 38 பெயர், அரை மணி நேர வேலை.

பெயரை எங்கே வைப்பது என்பதையும் கையாலேயே குறித்துவிடுங்கள். கெட்பிபாக்ஸ் (வடிவத்தைச் சுற்றிக் கட்டம் அளந்து தரும் கட்டளை) வைத்து நடுப்புள்ளி கண்டுபிடிக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம். 32 மாவட்டம் இருந்த காலத்தில் நான் அப்படிச் செய்தேன். அன்றைக்கு நாகப்பட்டினம் மாவட்டம் இரண்டு துண்டு, நடுவில் காரைக்கால். மயிலாடுதுறை 2020-இல் பிரிந்த பிறகுதான் ஒரு துண்டானது. இரண்டு துண்டுக்கும் சேர்த்துக் கட்டம் போட்டு நடுவைக் கண்டுபிடித்தால் 'நாகப்பட்டினம்' என்ற பெயர் போய் உட்கார்ந்தது காரைக்கால் மேல். வாடிக்கையாளர் புதுச்சேரிக்காரர். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

நெல்மணி:

அண்ணா, நோட்பேடில் திறந்தேன். வியூபாக்ஸ் இல்லை. இரண்டு கோப்பிலும் ஐடி 'ஏ'. பெரம்பலூர் ஐந்து டிஸ்பான். டிசைனருக்கு அப்படியே ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.

போனில் இப்போது கன்னியாகுமரி வரை தெரிகிறது. டேப் சரி. படமும் பச்சைக்கு வந்துவிட்டது. ஆனால் இரண்டு புதுத் தலைவலி. அலுவலகத்தில் கணக்கர் மேசையில் பல வருடமாகப் புதுப்பிக்காத பயர்பாக்ஸ் ஒன்று இருக்கிறது. அதில் நேற்றுவரை கறுப்பாகவாவது படம் வந்தது, இன்று வெறும் வெள்ளைத் தாள். இன்னொன்று, படத்தில் மட்டும் எழுத்துரு மாறிவிடுகிறது. என் லேப்டாப்பில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபேடில் வேறு ஏதோ. அகலம் கூடி 'திருச்சிராப்பள்ளி' கரூருக்குள் நுழைகிறது.

பழையசட்டி:

வெள்ளைத் தாள் என்னால் வந்தது, மன்னிக்கவும். வித்த், ஹைட்டை எடுக்கச் சொன்னேன் இல்லையா. பழைய பயர்பாக்ஸ்கள் மூல டேகில் வித்த், ஹைட் இல்லாத எஸ்விஜியைக் கேன்வாஸில் வரையாது, சதவீதத்தில் கொடுத்தாலும் வரையாது. பிழை என்றும் சொல்லாது. திரையில் இருப்பதைத் தொடாதீர்கள். படமாக்கும்போது ஒரு நகல் எடுத்து, அந்த நகலுக்கு மட்டும் வித்த், ஹைட்டைப் பிக்சலில் போட்டு அனுப்புங்கள். இரண்டு மடங்காகப் போட்டால் படம் இன்னும் கூர்மையாக வரும், வாட்ஸப் எப்படியும் ஒரு சுற்று நசுக்கத்தான் போகிறது.

எழுத்துரு அதே மூடிய டப்பா கதை. அதற்கு இங்கே எழுத்தாணி வந்தால் நல்லது.

எழுத்தாணி:

வந்துவிட்டேன். இரண்டு வழி. எழுத்துருக் கோப்பை பேஸ்64 என்ற வெறும் எழுத்து வரிசையாக்கி எஸ்விஜிக்குள்ளேயே ஃபான்ட் ஃபேஸ் விதியாக வைப்பது ஒன்று. முழு எழுத்துருவும் வேண்டாம், ஃபான்ட்டூல்ஸில் வரும் சப்செட் கருவியை வைத்து வேண்டிய எழுத்துகளை மட்டும் வெட்டி எடுக்கலாம். கு, கூ, டி மாதிரியானவை யூனிகோடில் தனி எண் இல்லாத உருவங்கள், எழுத்துருவின் உள் அட்டவணையிலிருந்து பிறப்பவை. க-வையும் உகரக் குறியையும் கொடுத்தால் கருவி கு-வைத் தானே சேர்த்துக்கொள்ளும். அந்த அட்டவணையை நீக்கும் விருப்பத்தை மட்டும் தொடாதீர்கள்.

இன்னொன்று, பெயர்களைப் பாதைகளாகவே மாற்றிவிடுவது. இங்க்ஸ்கேப்பில் தமிழைத் தட்டி 'பாதையாக்கு' கொடுத்தால் கொம்பு, கால் எல்லாம் சரியாக உருவாகும். அதன்பிறகு எழுத்துரு என்ற பேச்சே இல்லை. நான் செய்வது இதுதான்.

பழையசட்டி:

இதில் மட்டும் எழுத்தாணியோடு எனக்கு ஒத்துப்போகாது. பாதையாக்கிவிட்டால் தேட முடியாது, திரைவாசிப்பான் படிக்காது, நாளைக்கு ஒரு மாவட்டம் பிரிந்தால் மறுபடி இங்க்ஸ்கேப். 2019-இல் மட்டும் ஐந்து பிரிந்தது.

எழுத்தாணி:

டைட்டில் டேகில் பெயரை எழுதினால் திரைவாசிப்பான் படிக்கும். மாவட்டம் பிரிந்தால் எல்லைக் கோட்டையே புதிதாக வரைய வேண்டுமே, அப்போது பெயரையும் மாற்றினால் போயிற்று.

நெல்மணி:

சண்டை வேண்டாம் அண்ணன்மார்களே. எனக்குப் பாதை வழி ஒத்துவராது. மாவட்டப் பெயருக்குக் கீழே நெல் ரகத்தின் பெயரும் வருகிறது, அதைக் குடோனில் இருப்பவர் தட்டுவார்.

அதனால் பேஸ்64 செய்தேன். 38 பெயரில் வரும் எழுத்துகளையும் எண்களையும் மட்டும் வெட்டி எடுத்து, கோப்பு குட்டியாக வந்ததில் பெருமைப்பட்டுக்கொண்டேன். டெமோ அன்று காலை குடோனிலிருந்து 'ஐ.ஆர். 20' என்று ஏற்றியிருக்கிறார்கள். படத்தில் ஐ-யும் ஆ-வும் மட்டும் வேறு எழுத்துருவில், கடன் வாங்கிய சட்டை மாதிரி. யோசித்துப் பார்த்தால் 38 மாவட்டப் பெயரில் ஒன்றில்கூட ஐ இல்லை, ஆ இல்லை! பத்து நிமிடத்தில் யூனிகோடின் தமிழ்ப் பகுதி முழுவதையும், 0பி80-லிருந்து 0பிஎஃப்எஃப் வரை, சேர்த்து மறுபடி வெட்டினேன்.

டெமோ முடிந்தது. ஒன்றே ஒன்று பாக்கி. ஐபேடில் பட்டனை முதல் தடவை அழுத்தினால் பழைய எழுத்துருவே வருகிறது. இரண்டாவது தடவை அழுத்தினால் சரியாக வருகிறது. முதலாளி "ரெண்டு தடவை அமுக்கணும்" என்று தானாகவே கற்றுக்கொண்டுவிட்டார்.

பழையசட்டி:

அது சஃபாரியின் வேலைதான், கால் பங்கை அரைப் பங்காக ஏற்றிக்கொள்கிறேன். இமேஜ் ஏற்றிவிட்டேன் என்று அது சொல்லும் நேரத்தில் உள்ளே இருக்கும் பேஸ்64 எழுத்துரு இன்னும் தயாராகியிருக்காது. முதலாளி செய்வதையே நிரலில் செய்யுங்கள்: இமேஜை ஒரு தடவை ஏற்றிக் கேன்வாஸில் வரைந்து தூக்கிப் போடுங்கள், சிறிது விட்டு மறுபடி ஏற்றி வரைந்து அதை பிஎன்ஜியாக எடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். பக்கத்தில் ஏன் என்று ஒரு கமென்ட் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வருபவர் 'இது எதற்கு இரண்டு தடவை' என்று ஒன்றை நீக்கிவிடுவார்.

நெல்மணி:

போட்டாயிற்று அண்ணா, வேலை செய்கிறது. முதலாளி மட்டும் இன்னும் இரண்டு தடவைதான் அழுத்துகிறார். குரூப்பில் ஒவ்வொரு நாளும் ஒரே படம் இரண்டு முறை போகிறது.